நண்டுக்குக் கட்டிய வரம்பு

வயல் நண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பகையால் தெரிந்தது. அன்பு வைத்துப் பார்த்தவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள். நான் அதைக் கொன்று தீர்க்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு ஒரு சிறுபோகப் பயிர்க்காலம் முழுவதும் வரம்பில் குப்புறக் கிடந்து பார்த்தவன். கொன்று தீரவில்லை. பார்த்தது மட்டும் மிஞ்சியது.

உள்ளங்கையை மூடினால் உள்ளே அடங்கிவிடும் பிராணி. ஓடு நனைந்த புளியங்கொட்டையின் நிறம். ஆணுக்கு ஒரு கொடுக்குப் பெரிது, மற்றது சிறிது. ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் வெற்றிலையும் பிடித்த கமக்காரனைப் போல நிற்கும். பெண்ணின் வயிற்றுக்குக் கீழே அகன்ற மடல் ஒன்று மடிந்து கிடக்கும். அந்த மடலுக்குள் இருந்ததுதான் என்னை ஊர் முன்னால் வெட்கப்பட வைத்தது. அதற்கு வருகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் குடாநாட்டை விட்டு, உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கரையில் குடியேறியவர்களில் நானும் ஒருவன். வயலும் மேட்டுக்காணியும் கிடைத்தன. வயலைப் பற்றிய அறிவை நானே கொண்டுவர வேண்டியிருந்தது, கொண்டுவரவில்லை. ஊரில் நாங்கள் புகையிலைக்காரர். துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, பாத்தி கட்டி வளர்த்த பரம்பரை. புகையிலைக்காரனுக்குத் தீராத ஆசை ஒன்று உண்டென்றால் அது குழைதான், வெட்டிய பச்சை இலைதழை. பச்சைக் குழையை மண்ணுக்குள் தாழ்த்தினால் மண் கறுக்கும், இளகும், செடி எழும்பும். குடாநாட்டில் ஒரு வண்டில் குழைக்கு ஆலாய்ப் பறக்க வேண்டும். வன்னிக்கு வந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காடு. கேட்பாரில்லை. வெட்ட வெட்டக் குழை. எனக்குத் தலை சுழன்றது.

வயலுக்குள் தாழ்த்தியது போக மிச்சத்தை வரம்புக்குள் தாழ்த்தினேன். ஒரு அடுக்கு மண், ஒரு அடுக்கு குழை, அதன்மேல் வைக்கோல், மறுபடி மண். வயலின் கீழ் எல்லையில் அந்த வரம்பு என் தொடை உயரத்துக்கு எழுந்தது. ஒரு சோடி மாடு அதன்மேல் நடக்கலாம். மேலே பயிற்றங்கொடி வேறு நட்டேன். மேல் வாய்க்காலில் இருந்த புகையிலைக்காரர் இரண்டு பேர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், தாங்களும் அப்படியே கட்டினார்கள். என் முட்டாள்தனத்துக்கு மாணவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

என் வரம்புக்குக் கீழே அடுத்த காணி. அதில் கமம் செய்த பெண் நாயாற்றுப் பக்கம் மீன்பிடிகாரர் வீட்டில் பிறந்து, இங்கே காணி கிடைத்த ஒருவரைக் கட்டி வந்தவர். புருஷன் நெற்கதிர் ஏற்றிய வண்டிலிலிருந்து விழுந்து நாரி எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அதனால் கழுத்தில் சிலுவையும் கையில் மண்வெட்டியுமாக அவரே வயலில் இறங்குவார். அவருடைய வரம்புகள் மெலிந்தவை, ஒரு காலடி அகலம். போகத்துக்குப் போகம் இரண்டு பக்கமும் செதுக்கி, வெறும் களியால் மெழுகுவார். நான் என் கோட்டை மதிலில் நின்றுகொண்டு, "தங்கச்சி, உது வரம்போ, அரைஞாண் கயிறோ?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என் வரம்பை ஒரு தரம் நீளமாகப் பார்த்தார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வருட மாரிமழைக் காலபோகம் கதிர் வந்த நேரத்தில் வெள்ளத்தில் அழுகியது. மூன்று ஏக்கர் நெல் வயலின் சொந்தக்காரன், சங்கக் கடையில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றேன். கமம் எப்படியென்று யாரோ கேட்டதற்கு, பரவாயில்லை, இந்த முறை நேரே அரிசியாகவே விளைந்திருக்கிறது என்று சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அப்படித்தான். பிறர் சிரிப்பதற்கு முன்னம் நானே என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவேன். பிறகு அவர்களுக்கு மிச்சம் இருக்காது. சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

குளத்துத் தண்ணீரை நம்பி வெயில்காலச் சிறுபோகம் விதைத்தபோது அவள் ஒன்றுதான் சொன்னாள். இதுவும் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரென்றால் என் தமையனின் வீடு, தமையனின் தோட்டம், தமையனுக்குக் கீழே வேலை. நான் வண்டில் ஏறிய அன்று அவர் வேலிப் படலையில் நின்று, இவன் மூன்று போகம் தாங்கமாட்டான், குந்துவதற்கு இடம் வைத்திருக்கிறேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். அந்த இடத்தில் போய்க் குந்துவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இறங்கச் சோறும் இருக்கவில்லை.

வெள்ளத்தில் குளக்கட்டு வெடித்து ஓடியதால், அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன சனம் திரும்பி வரும்போதே தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. அது வாய்க்காலை நக்கிக் குடித்தது. வாய்க்காலுக்குப் பொறுப்பான ஓவசியர் முறை வைத்தார். பத்து நாளைக்கு ஒரு தரம், விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை ஒருவருக்குத் தண்ணீர். பயிர் குடலைக்கு வரும் நேரம் அது. கதிர் வெளியே வராமல் தாளுக்குள் சுருண்டு கிடக்கும் பருவம். அப்போது வயல் காய்ந்தால் கதிர் வெளியே வரும். உள்ளே அரிசி இருக்காது.

என் முறைக்கு வந்த தண்ணீர் என் வயலில் நிற்கவில்லை. ஒரு தடியில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துச் சேற்றில் குத்தினேன். காலையில் கீறலைத் தொட்ட தண்ணீர் பின்னேரம் நாலு விரல் கீழே போனது. மூன்றாம் நாள் தடியைச் சுற்றிச் சேறு மட்டும். வெயில் எவ்வளவு கொடியதானாலும் அவ்வளவு குடிக்காது. வரம்பின் மறுபக்கம் இறங்கிப் பார்த்தேன். அடியில் ஏழெட்டு இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது, கீழ்க்காணிக்குள்.

அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி. வளையின் வாயில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கொடுக்கால் சேற்றை அணைத்து வந்து வெளியே வைக்கும் உருண்டை அது. வளை நேரே போகாது. சரிந்து கீழே இறங்கி, ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். தண்ணீர்ப் பக்கம் ஒரு வாசல், காய்ந்த பக்கம் இன்னொரு வாசல். இரண்டுக்கும் நடுவில் என் முறைத் தண்ணீர் பயணம் செய்தது. பொழுதுபடும் நேரத்தில் வாசலுக்கு வந்து உட்காரும். கண்கள் இரண்டும் காம்பில் நிற்கும். ஆள் நிழல் பட்டால் காம்பை மடித்து ஓட்டுப் பள்ளத்துக்குள் படுக்க வைத்துவிடும். வெளியே வந்தாலும் செவுளுக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். அது குறைந்தால் வாயோரம் நுரை தள்ளும். கால் ஒன்றை நான் பிடித்தால் காலை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விடும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் குட்டிக் கால் ஒன்று முளைத்திருக்கும். ஓடு இறுகினால் கழற்றிவிட்டு, வெண்ணெய் போன்ற உடம்போடு வளைக்குள் ஒளிந்திருந்து, கழற்றிய ஓட்டைத் தானே தின்னும். கூப்பன் தேவைப்படாத பிராணி.

வைக்கோலால் அடைத்தேன். மறுநாள் வைக்கோல் வெளியே கிடந்தது. களியால் அடைத்தேன். பக்கத்தில் புது வாசல் திறந்தது. தேங்காய்ப் பொச்சை அடித்து இறுக்கினேன். பொச்சுக்குக் கீழாகச் சுற்றிப் போனது. கடைசியில் பரம்பரை மூளை வேலை செய்தது. மாமனார் எனக்குச் சப்பவென்று அனுப்பிய புகையிலையைக் காம்போடு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வளைக்குள் ஊற்றினேன். புழு பூச்சிக்கு ஊரில் அதுதான் மருந்து. நண்டு தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. பக்கவாட்டில் நாலடி நடந்து, அடுத்த வளைக்குள் புகுந்தது. அங்கே இருந்த நண்டு அதைத் துரத்த, அது மூன்றாவது வளை தோண்டத் தொடங்கியது. நான் புகையிலையும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், வரம்பில் இருந்து அழுதேன். இதில் பகிடி ஒன்றும் இல்லை. முழங்காலுக்குள் முகத்தை வைத்து உண்மையாகவே அழுதேன்.

அழுது முடிந்து கண்ணைத் துடைத்தபோது கீழ்க்காணி தெரிந்தது. வாய்க்காலின் கடைசிக் காணி. முறைத் தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது வாய்க்கால் நனைவதோடு சரி. ஆனால் பயிர் பச்சையாக நின்றது.

நண்டிடம் தோற்பதைவிட மனிதரிடம் தோற்பது கௌரவம் போல எனக்கு அப்போது பட்டிருக்க வேண்டும். எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. மேல் வயலிலிருந்து தண்ணீர் ஒழுகினால், ஓட்டை நண்டு போட்டதென்றால் பேச்சில்லை, ஒழுகியது கீழ்க்காரருடையது. ஓட்டையை மனிதர் போட்டதென்றால், போட்டவருக்கு ஒரு முறைத் தண்ணீர் வெட்டு. அவருக்கு வருகிற அந்தக் கொஞ்சமும் ஒரு முறை வெட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஓவசியரின் வீட்டுக்கு நடந்தேன். கீழ்க்காணிக்காரி தடியால் குத்தி என் தண்ணீரைக் களவெடுக்கிறா என்று சொன்னேன்.

ஓவசியர் மறுநாள் காலை சைக்கிளில் வந்தார். அக்கம்பக்கத்துக் கமக்காரரும் வந்து வரம்பில் நின்றார்கள். நான் ஒரு வளையைக் காட்டினேன். உருண்டை ஒன்றும் இல்லாத, துப்புரவான வாய். நண்டு என்றால் மண் உருட்டி வைத்திருக்காதா என்று என் புலமையை எடுத்து விட்டேன். ஓவசியர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

வரம்போடு ஒட்டிப் படுத்து, கையை வளைக்குள் விட்டார். முழங்கை போனது, தோள் மூட்டு வரை போனது. கன்னம் சேற்றில் பதிந்திருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது. கையை வெளியே எடுத்தபோது நடு விரலைக் கவ்வியபடி ஒரு நண்டு தொங்கியது. இரத்தம் சொட்டியது. அதைப் பொருட்படுத்தாமல் நண்டைப் புரட்டி, வயிற்று மடலை நகத்தால் விரித்துப் பிடித்தார். உள்ளே கடுகு அளவில் குஞ்சுகள், நூறுக்கு மேலே இருக்கும். ஒவ்வொன்றும் முழு நண்டு. கால், கொடுக்கு, கண் எல்லாம் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன.

"இந்தாங்கோ. இவவைக் கேளுங்கோ, ஆர் ஓட்டை போட்டதெண்டு."

ஓவசியர் குனிந்து பார்த்தார். "பிள்ளைக்காரி பொய் சொல்லமாட்டா" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துப் பிறர் முதலில் சிரித்தது அன்றுதான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, கடல் நண்டு முட்டை பொரிக்கிற நேரத்திலை குஞ்சைத் தண்ணியிலை விட்டிட்டுத் தன்ரை பாட்டிலை போயிடும். இது அப்பிடியில்லை. குஞ்சு பொரிச்சு, அதுகள் நடக்குமட்டும் வயித்திலை காவிக்கொண்டு திரியும். குஞ்சோடை இருக்கிறது நல்ல வீடாப் பாத்துத்தானே இருக்கும்? நீங்கள் கட்டினது வரம்பில்லை. நண்டுக்குக் கல்வீடு."

என் மண்வெட்டியையே எடுத்து வரம்பின் தோளில் ஒரு கொத்துப் போட்டார். மண் பிளந்தது. உள்ளே நான் அடுக்கிய குழை கறுத்து, அழுகி, கூழாகக் கிடந்தது. புகையிலைக்காரன் பார்த்தால் மகிழ்ந்து போவான். அப்படி ஒரு பசளை. அதற்குள் விரல் தடிப்பில், கை தடிப்பில் வழிகள். ஒரு பிடி கூழை அள்ளி என் முன்னால் போட்டார். அழுகின குழைதான் அதுகளின் சாப்பாடு என்றார். இருக்க மெத்தை, தின்னச் சோறு, குடிக்க என் முறைத் தண்ணீர். ஒரு சின்னப் பிராணி வாழ்வதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையையும் என் கையால் அடுக்கி, மேலே பயிற்றங்கொடியும் நட்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள். "அவவின்ரை முறையை வெட்டப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் வரம்பைப் பெயர்த்துக் கட்ட என்னால் முடியாது. பத்து ஆள் வேலை அது. பயிரின் நுனி சுருளத் தொடங்கியிருந்தது. மறுநாள் விடியக் கீழ்க்காணிக்குப் போய், கைகட்டி என்று சொல்லலாம், அப்படி நின்றேன். ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். துணி சுற்றிய விரலோடு அவர் தன் வரம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தன் பயிரைப் பார்த்தார். என் பயிரைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து அதையும் கேட்டேன்.

"அது கிடக்கட்டும்" என்றார். "உள்ளுக்கை இன்னொரு வரம்பு போடுங்கோ. குழை கிடக்கிற இடத்திலை இருந்து நாலடி தள்ளி. வெறும் களி, ஒரு காலடி அகலம் காணும். மெல்லிசு வரம்பிலை நண்டு குடியிருக்காது. வெயில் சுடும், ஈரம் நிக்காது."

அந்த நாலடிக்குள் நிற்கிற பயிரை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பிடுங்கத்தான் வேணும்."

நானும் மனைவியும் அன்றே இறங்கினோம். பிள்ளையை வரம்பில் ஒரு சாக்கில் இருத்தினோம். வயலின் கீழ் எல்லை முழு நீளத்துக்கும் நாலடி அகலம். விதைத்து, களை எடுத்து, நண்டு வெட்டியது போக மிஞ்சி எழுந்த பயிர். வேர் சேற்றை விட மனமில்லாமல் வந்தது. ஒரு தாளை மனைவி நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே குடலையில் சின்னக் கதிர், பச்சையும் வெள்ளையுமாய், ஈரமாய்ச் சுருண்டு கிடந்தது. என்னிடம் காட்டவில்லை. திரும்ப மூடப் பார்த்தாள். கீறிய தாள் மூடவில்லை. அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கினாள். என் வாழ்வில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அந்த இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் விடிய வாய்க்கால் வந்தது. புது வரம்பு நண்டுக்குக் கட்டிய மதிலுக்கு முன்னால் ஒரு கோடு போலக் கிடந்தது. தண்ணீர் அதைத் தொட்டது. நின்றது. தடியை நட்டேன். பின்னேரம் ஒரு விரல்கூடக் குறையவில்லை. மறுநாள் அரை விரல். அடுத்த நாளும் தண்ணீர் நின்றது. சுருண்ட நுனி விரிந்தது. எனக்குப் பேச்சுத் திரும்பியது. வாய்க்காலோடு போன வந்த எல்லோரையும் மறித்து, நண்டுகள் என்னிடம் மனுக் கொடுக்க வந்த கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் மனு கொஞ்சம் நீண்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த மனைவி, செம்பைத் தராமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். கீழ்க்காணியில் சேறு வெடித்திருந்தது. பயிர் வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எங்கோ பள்ளக் கிடங்கில் அள்ளிய தண்ணீரை வாளியில் காவி வந்து, ஒரு மூலைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"எங்கடை ஓட்டையிலை வந்த தண்ணியிலைதான் அவவின்ரை பயிர் நிண்டது" என்றாள் மனைவி.

அது எனக்கு வேண்டாத கதை. வாய்க்கால் தண்ணீர் அவவுக்கும் முறைக்கு வருகிறதுதானே என்றேன்.

"வாய்க்கால் தண்ணி அங்கை போகாது. உங்களுக்கும் தெரியும். அவவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரம்பு போடச் சொன்னவ."

அதற்குப் பிறகு கஞ்சியைத் தந்தாள். குடித்தேன்.

இரண்டு நாளில் ஓவசியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். குளம் அடியில் கிடக்கிறது. இன்னும் ஒரு முறைதான். அதற்குப் பிறகு குளத்து மதகின் துருசு பூட்டப்படும். கதிர் என் வயலில் வெளியே தலைகாட்டியிருந்தது. பால் பிடிக்க வேண்டும். அந்த ஒரு முறைத் தண்ணீர் முழுவதும் நின்றால் பிடிக்கும். பாதி என்றால் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

கடைசி முறை அன்று விடிய நான் மண்வெட்டியோடு புது வரம்பில் நின்றேன். என் வயலுக்குப் போதுமானது வந்ததும் வரம்பை வெட்டி மிச்சத்தைக் கீழ்க்காணிக்கு விடுவதென்று மனதுக்குள் ஒரு தீர்மானம். தண்ணீர் வந்தது. கணுக்கால் வரை ஏறியது. இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். வெயில் ஏறியது. இன்னும் இரண்டு விரல். அவர் கீழே தன் வயலின் தலைமாட்டில் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, வேறு எங்கும் பார்க்கவுமில்லை. என் வயலுக்குப் போதும் என்ற அந்த நேரம் அன்று வரவே இல்லை. தமையனின் படலை என் கண்ணுக்குள் நின்றது. நண்டைப் போல நானும் வரம்போரம் இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்துகொண்டிருந்தேன்.

மனைவி பிள்ளையோடு வந்தாள். பிள்ளையை என் கையில் தந்தாள். மண்வெட்டி எப்படி அவள் கைக்குப் போனது என்று எனக்கு நினைவில்லை. புது வரம்பில் ஒரே கொத்து. களி பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் நாங்கள் பயிர் பிடுங்கிய வெறும் நிலத்தில் பாய்ந்து, பழைய வரம்பின் அடியை எட்டியது. அதற்குப் பிறகு யாரும் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தனை வளைகளும் ஒருங்கே குடித்தன. மறுபக்கம் ஏழெட்டு இடத்தில் ஒழுகத் தொடங்கி, பிறகு பாயத் தொடங்கியது. ஒரு வாசலில் நண்டு ஒன்று வந்து நின்று, தன் வீட்டுக்குள்ளால் ஆறு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தடுக்கவில்லை. உதவி செய்யவும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கீழே அந்தப் பெண் காலால் சேற்றை ஒதுக்கி ஒதுக்கி, தண்ணீரைத் தன் பயிருக்குள் நடத்திக்கொண்டு போனார். மத்தியானம் வாய்க்கால் நின்றது. மனைவி வெட்டிய இடத்தைக் களியால் மூடினாள். இரண்டு வயலிலும் தண்ணீர் கிடந்தது. இரண்டிலும் போதாது.

ஆவணியில் வெட்டினோம். கீழ்க்காணியிலும் அதே கிழமைக்குள். கதிரை அடுக்கிக் குவித்த அவருடைய சூடு என் இடுப்பளவு, என்னுடையது அதைவிட ஒரு சாண் உயரம். ஆனால் தூற்றும்போது சமமாகிவிட்டது. நான் சுளகை உயர்த்தி விட, சோளகம் முக்கால்வாசியை அள்ளிக்கொண்டு போனது. அத்தனையும் சப்பி. மஞ்சளாய், பார்வைக்கு நெல்லாய், உள்ளே ஒன்றுமில்லாமல் பறந்தது. காலடியில் விழுந்தது மட்டும் நெல். பின்னேரத்துக்குள் தூற்றி முடிந்துவிட்டது. இவ்வளவு விரைவாக முடியும் வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை.

மனைவி அதைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டாள். ஒரு சாக்கு நிறைந்தது. இரண்டாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நான் சாக்குகளைப் பார்த்தேன். ஊருக்குப் போகும் வண்டிலில் ஏற்ற இவை பெரிய பாரமாக இராது என்று ஒரு பகிடி வாய்வரை வந்தது.

"இது விதைக்கு" என்றாள் அவள், நிறைந்த சாக்கைக் காட்டி. மற்றச் சாக்கையும் அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "இதுவும்."

"அப்ப நாங்கள் தின்ன?"

"அதைப் பிறகு பாப்பம். வாயைக் கட்டுங்கோ, எலி வரும்."

சணல் கயிற்றை எடுத்து இரண்டையும் கட்டினேன். வண்டிலில் ஏற்றவில்லை, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றினேன்.